கை தூக்கினால் உபதேசம் மாறுமா?

2009 ஆகஸ்ட் 19ஆம் தேதி, மினியாபொலிஸ் நகரில் அமெரிக்க எவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபையின் பேரவை கூடியிருந்தது. மனிதப் பாலுறவு பற்றிப் பல ஆண்டுகள் எழுதித் திருத்திய ஓர் அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆதரவு 676, எதிர்ப்பு 338. மொத்தம் 1,014 வாக்குகள். அதில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் சரியாக 676 வரும். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த 676 பேரில் யாரோ ஒருவருக்குக் கடைசி நிமிடத்தில் மனம் மாறியிருந்தால் அறிக்கை விழுந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, ஒருபாலின உறவில் வாழ்பவர்களைக் குருப்பணியில் ஏற்பது பற்றிய தீர்மானம் வந்தது. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று முடிவாகியிருந்தது. 559க்கு 451 என்று அது நிறைவேறியது. அடுத்த ஆண்டே பிரிந்துபோனவர்கள் சேர்ந்து வட அமெரிக்க லுத்தரன் திருச்சபையைத் தொடங்கினார்கள்.

அந்த முடிவு சரியா தவறா என்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. என்னைத் துளைப்பது வேறு கேள்வி. ஒரு திருச்சபை எதை விசுவாசிக்கிறது என்பது ஒரே ஒருவரின் விரல் நுனியில் தொங்கலாமா? இதைக் கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள்தான் வருகின்றன. “காலம் மாறிவிட்டது, சபை மக்களில் பெரும்பாலோர் என்ன நினைக்கிறார்களோ அதுதான் சபையின் உபதேசமாக இருக்க வேண்டும்” என்பது ஒன்று. “சத்தியத்தை ஓட்டுக்கு விடுவதா? திருச்சபை ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை” என்பது மற்றொன்று. இரண்டுமே மனதார நம்பிச் சொல்லப்படுபவை. ஆனால் திருச்சபை வரலாற்றைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால் இரண்டுமே நிற்பதில்லை.

இரண்டாவது பதிலை முதலில் எடுத்துக்கொள்வோம். திருச்சபை வாக்கெடுத்திருக்கிறது. 325இல் நிசேயாவில் ஏறத்தாழ 300 பிஷப்புகள் கூடி விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்திட்டார்கள். செக்குந்துஸ், தியோனாஸ் என்ற இரு பிஷப்புகள் மட்டும் மறுத்து, குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று போதித்த ஆரியுஸோடு சேர்ந்து நாடுகடத்தப்பட்டார்கள். 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கத்தில் போப்பின் தவறா வரம், அதாவது அவர் அதிகாரபூர்வமாக உபதேசத்தை வரையறுக்கும்போது தவறமாட்டார் என்பது, பற்றிய தீர்மானத்துக்கு ஜூலை 13 அன்று ஒரு முன்வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவர்கள் 451 பேர், இல்லை என்றவர்கள் 88 பேர், திருத்தத்தோடு ஆம் என்றவர்கள் 62 பேர். ஐந்து நாள் கழித்து இறுதி வாக்கெடுப்பில் 533க்கு 2. நடுவில் 86 பேரின் மனம் மாறிவிடவில்லை. போப்பின் முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று சொல்ல விரும்பாத பல பிஷப்புகள் அதற்கு முன்பே ரோமைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இரண்டாம் வத்திக்கானில் மரியாளைப் பற்றிய போதனையைத் தனி ஏடாக வைப்பதா, திருச்சபை பற்றிய ஏட்டுக்குள் சேர்ப்பதா என்ற கேள்வி 1963 அக்டோபர் 29 அன்று 1,114க்கு 1,074 என்று தீர்ந்தது. 2,188 பேர் வாக்களித்த மண்டபத்தில் நாற்பது வாக்கு வித்தியாசம். ஆகவே “நாங்கள் எண்ணியதே இல்லை” என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்தச் சங்கங்களில் எண்ணப்பட்டது எது என்று கவனிக்க வேண்டும். நிசேயாவுக்கு வந்த பிஷப்பிடம் “உமக்கு எது பிடித்திருக்கிறது?” என்று யாரும் கேட்கவில்லை. “உம்முடைய சபையில் தொன்றுதொட்டு எது விசுவாசிக்கப்படுகிறது?” என்பதே அவர் முன் இருந்த கேள்வி. அவர் சாட்சி சொல்ல வந்தவர். நீதிமன்றத்தில் சாட்சிகளை எண்ணுவதற்கும் தேர்தலில் விருப்பங்களை எண்ணுவதற்கும் வித்தியாசம் உண்டு. சாட்சிகள் எத்தனை பேர் என்பது முக்கியம்தான். ஆனால் நூறு பேர் சொன்னதாலேயே ஒரு பொய் உண்மையாகிவிடாது.

ஆகிவிடவில்லை என்பதற்கு 359ஆம் ஆண்டே சாட்சி. ரிமினி நகரில் 400க்கும் மேற்பட்ட மேற்கத்திய பிஷப்புகள் கூடினார்கள். பேரரசர் கான்ஸ்டான்டியுஸ் அவர்களை மாதக்கணக்கில் ஊருக்கு அனுப்பாமல் வைத்திருந்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்ற நிசேயாவின் முக்கியச் சொல்லை நீக்கிய ஒரு பிரமாணத்தில் கையெழுத்து வாங்கினார். தலை எண்ணிக்கையைப் பார்த்தால் நிசேயாவைவிட ரிமினி பெரிய சங்கம். ஆனால் 381இல் ஏறத்தாழ 150 பிஷப்புகளோடு கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் நிசேயாவின் விசுவாசத்தையே உறுதி செய்தது. இன்று நிலைத்திருப்பது அந்த 150 பேர் உறுதிசெய்ததுதான். நிசேயாவின் விசுவாசத்துக்காக நின்று ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட பிஷப் அத்தனாசியுஸ் பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்திருந்தால் அவருடைய வாழ்க்கை எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

வாக்கெடுப்புக்குப் பிறகு நடக்கும் வாக்கெடுப்பு

முதல் பதிலிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மேய்ப்பர்கள் மட்டும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டால் போதும் என்பதும் பொய்த்திருக்கிறது. 1439இல் ஃபிளாரன்ஸ் நகரில் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் மேற்கத்திய கத்தோலிக்கத் திருச்சபையும் ஒன்றாகும் ஆணையில் கிரேக்க பிஷப்புகள் ஏறத்தாழ எல்லோரும் கையெழுத்திட்டார்கள். எபேசு நகரின் பேராயர் மாற்கு மட்டும் மறுத்து நின்றார். ஊருக்குத் திரும்பியபோது குருமாரும் துறவிகளும் மக்களும் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. கையெழுத்திட்டவர்களே பலர் பின்வாங்கினார்கள். 1484இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் அதை முறைப்படி ரத்து செய்தது. பிறகு 1848இல் கிழக்கத்தியப் பேராயர்கள் விடுத்த சுற்றறிக்கை, விசுவாசத்தின் காவலர் திருச்சபையின் மக்களே என்று எழுதி வைத்தது.

ஆக, மக்களும் ஓட்டுப் போட்டார்கள் என்றே சொல்லலாம். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஜெபத்தில் எதைச் சேர்த்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள், பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதில்தான் அந்த ஓட்டு விழுந்தது. ஏற்றுக்கொள்ளுதல் என்று இறையியலார் சொல்வது இதைத்தான். இதை ஒரு பிற்பகலுக்குள் அடைத்துவிட முடியும் என்று நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

யார் எண்ணப்படுகிறார்கள்?

ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையில் நடந்ததைப் பார்ப்போம். 1808இலிருந்தே அவர்களுடைய அடிப்படை உபதேசக் கட்டுரைகளுக்குக் கடுமையான காவல் உண்டு. இன்றைய விதிப்படி அவற்றைத் தொட வேண்டுமானால் பொதுப் பேரவையில் மூன்றில் இரண்டு பங்கும், வட்டாரங்கள்தோறும் கூடும் ஆண்டுப் பேரவைகளின் மொத்த வாக்குகளில் நான்கில் மூன்று பங்கும் வேண்டும். ஆனால் சமூகக் கோட்பாடுகள் என்ற பகுதியைத் திருத்தச் சாதாரணப் பெரும்பான்மை போதும். வாசலுக்குப் பெரிய பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். 1972இல் அட்லாண்டா பேரவையில், ஒருபாலுறவு “கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதது” என்ற சொற்றொடர், முன்கூட்டியே தயாரித்த வரைவில் இல்லாமல், விவாதத்தின் நடுவே ஒரு திருத்தமாக நுழைந்தது. அந்தச் சொற்றொடர் 52 ஆண்டுகள் அந்தத் திருச்சபையை ஆட்டிவைத்தது. எந்தப் பக்கம் நின்றாலும் இது ஒரு திருச்சபை போதிக்கும் முறை ஆகாது.

2019 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸில், ஒருபாலுறவு பற்றிய தடைகளைத் தக்கவைத்து இறுக்கும் மரபுவழித் திட்டம் 438க்கு 384 என்று வென்றது. 28 பேர் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திருந்தால் முடிவே தலைகீழ். 2024 மே மாதம் சார்லட்டில் ஒருபாலுறவினருக்கான குருப்பட்டத் தடையை நீக்கும் தீர்மானம் 692க்கு 51 என்று நிறைவேறியது. அடுத்த நாள் 1972ஆம் ஆண்டுச் சொற்றொடரும் 523க்கு 161 என்று போனது. ஐந்து ஆண்டில் இத்தனை பேருக்கு மனம் மாறிவிட்டதா? சிலருக்கு மாறியிருக்கலாம். ஆனால் பெரிய காரணம் வேறு. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் 7,600க்கும் மேற்பட்ட சபைகள், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வெளியேறிவிட்டன. வெளியேற ஒவ்வொரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பேரவைக்குச் செலுத்தும் பங்குத் தொகையோடு ஓய்வூதியப் பொறுப்பில் தங்கள் பங்கையும் கட்டித் தீர்க்க வேண்டும். அப்படிக் கட்டிவிட்டுப் போனார்கள். மேசையில் இருந்தவர்கள் எழுந்து போன பிறகு எஞ்சியவர்கள் ஒருமனமாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

இங்கே உள்ள கோளாறு ஒரு பக்கத்துடையது அல்ல. 2019இல் வென்றவர்களும் 2024இல் வென்றவர்களும் ஒரே கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். வெறும் எண்ணிக்கையால் உபதேசத்தை முடிவு செய்யும்போது, அடுத்த வாக்கெடுப்பை வெல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன: எதிர்த்தரப்பை இணங்கவைப்பது, அல்லது அவர்களை வெளியேறவைப்பது. இரண்டாவது வழிதான் சுலபம்.

ஆறு வாக்குகள்

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்திருக்கிறது. அதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

இங்கிலாந்து திருச்சபையின் பொதுச் சினட்டில், அதாவது அதன் சட்டமியற்றும் பேரவையில், மூன்று அவைகள் உண்டு: பிஷப்புகள், குருமார், பொதுநிலையினர். உபதேசத்தோடு தொடர்புள்ள இப்படிப்பட்ட சட்டங்களுக்கு ஒவ்வோர் அவையிலும் தனித்தனியாக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1992 நவம்பர் 11 அன்று பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் சட்டம் பொதுநிலையினர் அவையில் 169க்கு 82 என்று, தேவைக்கு மேல் ஒரே வாக்கில் தப்பியது. இருபது ஆண்டு கழித்துப் பெண்கள் பிஷப்பாகலாமா என்ற சட்டம் வந்தது. 44 மறைமாவட்டங்களில் 42 ஏற்கெனவே ஆதரவு சொல்லியிருந்தன. 2012 நவம்பர் 20 அன்று பிஷப்புகள் 44க்கு 3, குருமார் 148க்கு 45, பொதுநிலையினர் 132க்கு 74. மூன்று அவைகளையும் கூட்டினால் 324க்கு 122, அதாவது நூற்றுக்கு 72க்கும் மேல் ஆதரவு. ஆனாலும் தோற்றது. பொதுநிலையினர் அவையில் 206 பேர் வாக்களித்தார்கள், 138 வேண்டும், ஆறு குறைந்தது.

கோபம் கொதித்தது. நாடாளுமன்றத்தில் பேசினார்கள். பொதுநிலையினர் அவையின் தலைவர் எதிர்த்துப் பேசினார் என்பதற்காக அடுத்த ஜனவரியில் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம்கூட வந்து தோற்றது. “இந்த அவை சபை மக்களைப் பிரதிபலிக்கவில்லை” என்ற குறை பலமாக எழுந்தது. அதில் உண்மையும் உண்டு. ஆலயத்து வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் வட்டாரச் சினட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அந்த வட்டார உறுப்பினர்கள்தான் பொதுச் சினட்டின் பொதுநிலையினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வட்டாரக் கூட்டத்துக்குப் போக யாரும் முன்வராத இடத்தில் “நீங்களே போய்விட்டு வாருங்கள்” என்று அனுப்பப்படுபவரின் கையில் உபதேசத்தைத் தீர்மானிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்துவிடுகிறது.

ஆனால் திருப்பம் இங்கே இல்லை. அந்த 74 பேரும் பெண் பிஷப்புகளை எதிர்ப்பவர்கள் அல்ல. “பெண்கள் பிஷப்பாவதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் மனசாட்சிப்படி ஏற்க முடியாதவர்களுக்கு இந்தச் சட்டத்தில் போதிய இடமில்லை” என்று சொல்லி எதிர்த்து வாக்களித்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருந்தன: பெண்கள் பிஷப்பாகலாமா? ஏற்காதவர்களை என்ன செய்வது? ஏற்காத சபைகளுக்கு எப்படிப்பட்ட ஆண் பிஷப்பை அனுப்புவது என்ற உட்பிரிவின் வாசகத்தை 2012 ஜூலையில் இழுபறி செய்து, செப்டம்பரில் ‘மதித்து’ என்ற ஒரு சொல்லை வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். அந்த ஒட்டு தாங்கவில்லை.

அதன்பிறகு செய்ததுதான் முக்கியம். எதிர்த்தவர்களையும் உட்காரவைத்து வரைவுக் குழு அமைத்தார்கள். 2013 ஜூலையில் யார்க்கில் சினட் உறுப்பினர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, நடுவர்களின் துணையோடு, தீர்மானம் எதுவும் இல்லாமல் பேசினார்கள். சட்டத்தைச் சுருக்கினார்கள். மனசாட்சி பற்றியதைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பிஷப்புகளின் அறிவிப்பாக, ஐந்து நெறிகளாக எழுதினார்கள். திருச்சபை தெளிவான முடிவுக்கு வந்துவிட்டது என்று ஒரு நெறி சொல்கிறது. ஏற்காதவர்களுக்கும் காலவரையறை இல்லாமல் இடமுண்டு என்று இன்னொன்று சொல்கிறது. புகார்களை விசாரிக்கத் தனி அதிகாரி ஒருவரையும் வைத்தார்கள். 2014 ஜூலை 14 அன்று பொதுநிலையினர் 152க்கு 45.

புதிதாகத் தேர்ந்தெடுத்த அவை அல்ல இது. 2010இல் தேர்வாகி 2012இல் தோற்கடித்த அதே அவை. 206 பேரில் 132 ஆக இருந்தது, 197 பேரில் 152 ஆனது. வெளியேற்றாமலேயே இந்த எண்ணிக்கை நகர்ந்தது. அந்த ஆறு வாக்குகள் குறையாமல் இருந்திருந்தால் இந்த இருபது மாத வேலை நடந்தே இருக்காது. மூன்றில் இரண்டு பங்கு என்ற தடை பெரும்பான்மைக்குச் செய்த அநியாயம் என்று அன்று தோன்றியிருக்கும். எனக்கு அது அந்தத் திருச்சபைக்குக் கிடைத்த கொடையாகத் தெரிகிறது.

காத்திருப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

இங்கேயே நிறுத்திவிட்டால் நேர்மையாகாது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் வாக்கெடுப்பதே இல்லை. கிளார்க் என்று அழைக்கப்படுபவர் எல்லோரும் பேசுவதைக் கேட்டு, கூட்டத்தின் மனம் எதுவென்று உணர்ந்து, குறிப்பு எழுதி, அங்கேயே வாசிக்கிறார். ஒருமனம் வரவில்லையென்றால் விஷயம் தள்ளிப்போகும். அழகான முறை. ஆனால் 1688இல் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் சிலர் அடிமைமுறைக்கு எதிராக ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். அடிமைகளை வைத்திருக்கும் உறுப்பினருக்கு இடமில்லை என்று ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல். எண்பத்தெட்டு ஆண்டுகள். அந்த எண்பத்தெட்டு ஆண்டுகளும் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல, அவர்களுடைய வயல்களில் நின்றவர்கள். ஒருமனத்தைப் புகழும்போதெல்லாம் இது நெஞ்சில் உறுத்துகிறது. பாதிக்கப்படுகிறவர்களுக்கு அறையில் இடம் இல்லாவிட்டால் சாதாரணப் பெரும்பான்மையும் அநீதி, ஒருமனமும் அநீதி.

ஆகவே எண்ணவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எப்படி எண்ணுவது என்பதைத்தான் கவனிக்கச் சொல்வேன். உபதேசத்தைத் தொடும் எதற்கும் விவாதத்தின் நடுவே திருத்தம் கொண்டுவர இடம் கொடுக்கக்கூடாது. வாசகம் மாதங்களுக்கு முன்பே எல்லாச் சபைகளுக்கும் போயிருக்க வேண்டும். ஒரு சீட்டில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு என்றால் எதில் என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். 300 உறுப்பினர்களில் 240 பேர் வந்து 30 பேர் வாக்களிக்காமல் இருந்தால், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 140, வந்தவர்களில் 160, மொத்த உறுப்பினர்களில் 200. இந்த மூன்றில் எது என்று கூட்டம் தொடங்கிய பிறகு சண்டை போட்ட சபைகளில் முடிவு எதுவானாலும் காயம் ஆறுவதில்லை. இரண்டு முறை எண்ண வேண்டும், நடுவில் கீழ்ச் சபைகளுக்கு அனுப்ப வேண்டும். ஸ்காட்லாந்து திருச்சபை 1697இலேயே இதற்கு ஒரு சட்டம் செய்தது. உபதேசம், ஆராதனை, ஒழுங்கு, ஆளுகை எதை மாற்றுவதானாலும் பேரவை அதை வட்டாரங்களின் மூப்பர் சங்கங்களுக்கு அனுப்பி, பெரும்பான்மைச் சங்கங்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த பேரவை முடிக்கலாம். அமெரிக்க லுத்தரன்களின் விதியிலும், ஒரு சபை திருச்சபையைவிட்டு வெளியேற வேண்டுமானால் குறைந்தது 90 நாள் இடைவெளியில் இரண்டு முறை வாக்கெடுத்து இரண்டு முறையும் மூன்றில் இரண்டு பங்கு பெற வேண்டும். பிரிந்து போவதற்கு இத்தனை நிதானம் கேட்கும் விதி, உபதேசத்தைத் தொடும்போதும் அதையே கேட்டால் என்ன?

எருசலேம் சங்கத்தின் முடிவை அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரம் “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்று சொல்கிறது. அங்கே எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற கணக்கு இல்லை. “மிகுந்த தர்க்கம்” நடந்தது என்று மட்டும் இருக்கிறது. புறஜாதியாரைப் பற்றிய அந்தத் தர்க்கத்தில் அவர்களுக்குள் நடந்ததைக் கண்ணால் கண்ட பேதுருவும் பர்னபாவும் பவுலும் எழுந்து பேசினார்கள், கூட்டம் அமைதியாகக் கேட்டது.

2015 ஜனவரி 26 அன்று யார்க் பேராலயத்தில் லிபி லேன் இங்கிலாந்து திருச்சபையின் முதல் பெண் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். சபையின் சம்மதத்தைக் கேட்டபோது ஒரு குரு எழுந்து மறுப்புச் சொன்னார். யார்க் பேராயர் ஜான் சென்டாமு அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார், ஆலயம் முழுவதும் சம்மதம் சொன்னது. சரியாக ஏழு நாள் கழித்து, பிப்ரவரி 2 அன்று, அதே ஆலயத்தில், பெண்களின் குருப்பட்டத்தை ஏற்காத ஃபிலிப் நார்த் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். சென்டாமு அங்கே இருந்தும் அவர்மீது கை வைக்கவில்லை. நார்த்தின் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று பிஷப்புகள் மட்டும் கை வைத்தார்கள், மற்ற பிஷப்புகள் பக்கத்தில் நின்று ஜெபித்தார்கள். பெண் குருமார் பலருக்கு அந்தக் காட்சி வலித்தது, அதை மறைக்காமல் சொன்னார்கள். அந்த வலியோடு இருவரும் ஒரே திருச்சபையில் பணியைத் தொடங்கினார்கள்.